சைவ வீட்டில் கட்டிய ஈக்கள்

கல்யாணம் முடிந்து நான் குடித்தனம் நடத்த வந்தது அன்னவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு. என் வீட்டுக்காரர் அங்கிருந்த ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மருந்து கலக்குவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், டாக்டர் தையல் போடும்போது பக்கத்தில் நின்று நூலைப் பிடித்துக்கொள்வார். எங்கள் இரண்டு குடும்பமும் சுத்த சைவம். என் மாமியார் வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட வம்சத்து வீட்டில் கோழி இறகு குவிந்து கிடந்ததற்குக் காரணம், ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த புது டாக்டர்.

அது யுத்தகாலம். டாக்டர் அதற்கு முன்னால் நீலகிரியில் இருந்தவர். தனிக்கட்டை. அங்கே ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் ட்ரௌட் என்ற மீனைப் பிடிப்பதைப் பார்த்து அவருக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. அந்த மீனைப் புழு வைத்துப் பிடிக்க மாட்டார்களாம். சின்னத் தூண்டில் முள்ளில் இறகையும் பட்டு நூலையும் சுற்றி, ஈயைப் போலவே ஒன்றைச் செய்து, அதைத் தண்ணீர் மேல் வீசுவார்களாம். நிஜ ஈ வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நம்பி மீன் வந்து கவ்வுமாம். புழு வைத்துப் பிடிப்பது மீனை ஏமாற்றுவது, பொய் ஈ வைத்துப் பிடிப்பதுதான் நேர்மை என்பது டாக்டரின் கட்சி. இதை என் வீட்டுக்காரர் வந்து என்னிடம் சொன்னபோது நான் இரண்டு தரம் கேட்டுவிட்டேன். இரண்டு தரமும் அப்படித்தான் சொன்னார்.

ட்ரௌட் இல்லாவிட்டால் எங்கள் ஊர்க் கண்மாய் மீனாவது ஆகட்டும் என்று டாக்டர் ஒரு தகரப் பெட்டி நிறைய ஈக்கள் கொண்டுவந்திருந்தார். எல்லாம் சீமையில் செய்தவை. எங்கள் ஊருக்கு வந்து சாமான்களைப் பிரித்து அடுக்கிவிட்டு ஆசையாகப் பெட்டியைத் திறந்தால், உள்ளே வெறும் முட்களும் கொஞ்சம் தூசியும்தான் இருந்தன. அந்துப்பூச்சி புகுந்து, மூலையில் கிடந்த ஒரு ஈயைத் தவிர மற்ற இறகையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. பூச்சி என்று நம்பி மீன் தின்ன வேண்டியதை நிஜப் பூச்சியே தின்றுவிட்டது. யுத்தத்தில் கப்பல் வரத்து குறைந்துபோய் வேறு தருவிக்கவும் வழியில்லை. டாக்டருக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்று என் வீட்டுக்காரர் வருத்தத்தோடு சொன்னார்.

வருத்தப்பட்டதோடு நின்றிருக்கலாம். தையல் நூல் பிடிக்கிற கை ஈயும் கட்டும் என்று டாக்டருக்குத் தோன்றியிருக்கிறது. டாக்டருக்கோ கிட்டத்தில் இருப்பது கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். பெட்டியில் தப்பிப் பிழைத்த ஒரே ஒரு ஈயைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, இதைப் பார்த்துச் செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்லும் பழக்கம் என் வீட்டுக்காரருக்குக் கிடையாது. சரி என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வருகிற வழியிலேயே சைவத்துக்கும் சமாதானம் கண்டுபிடித்துவிட்டார்.

"புழுவக் குத்துனாத்தான் பாவம். இது வெறும் எறகுதானே" என்றார்.

"மீனு?" என்று கேட்டேன்.

"மீன டாக்டருல்ல புடிக்கிறாரு" என்றார்.

வீட்டில் இருந்த முக்காலியைக் கவிழ்த்துப் போட்டார். டாக்டர் கொடுத்த பழைய துருப்பிடித்த இடுக்கி ஒன்றை அதன் காலில் துணியால் வரிந்து கட்டினார். இடுக்கியின் வாயில் தூண்டில் முள்ளைச் செருகி, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் ஈக்கு இறகு வேண்டியிருந்தது. விராலிமலையிலிருந்து கொண்டுவந்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த மயில் இறகு அவர் கண்ணில் பட்டது. படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஓரமாக நாலு இழை கத்தரித்தார். பளபளப்புக்கு ஜரிகை வேண்டும் என்றார். என் பழைய ரவிக்கையின் கைப்பட்டியிலிருந்து உருவிக் கொடுத்தேன். முயல் காதில் உள்ள ரோமம் சிறந்தது என்று டாக்டர் சொன்னாராம். அதற்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே என் பின்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் ஈ தயாரானது. ஆனால் அவர் கை பழகியது கட்டுப் போடுவதில். நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு, கடைசியில் அது காலொடிந்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்த நோயாளி மாதிரி இருந்தது. பறக்கிற ஜாதியாகவே தெரியவில்லை. அவர் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல், நகருங்கள் என்று சொல்லிவிட்டு முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் தினமும் பிள்ளையாருக்கு மல்லிகையும் அரளியும் கட்டுகிறவள் நான். இரண்டு விரலில் நாரை வளைத்து, காம்பை நடுவில் வைத்து, இழுத்துவிட்டால் பூ நசுங்காமல் நிற்க வேண்டும், கழன்றும் விழக் கூடாது. அதே மாதிரி பட்டு நூலை வளைத்து இறகின் அடியைப் பிடித்தேன். நின்றது. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியதும் இறகு விரிந்து கால்களைப் போல நாலு பக்கமும் நின்றது. அவர் குனிந்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

டாக்டருக்கு அது பிடித்துப்போயிற்று. யார் கட்டியது என்று என் வீட்டுக்காரர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கையில் பட்டு நூலும் மெழுகும் முட்களும் எங்கள் வீட்டுக்கு வந்தன. மயில் இறகு மட்டும் போதாது, சேவலின் கழுத்து இறகுதான் தண்ணீரில் மிதக்கும், கருஞ்சிவப்பாக இருந்தால் நல்லது என்றும் சொல்லி அனுப்பினார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டு அக்கா கோழி வளர்ப்பவள். நல்ல மனசு, பெரிய குரல். அவளிடம் எப்படிக் கேட்பது என்று என் வீட்டுக்காரர் ரொம்பத் தயங்கினார். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றபோது, அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, இனிமேல் சேவல் அறுத்தால் எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மெல்லக் கேட்டார். இறகு என்ற சொல் அவர் வாயிலிருந்து வருவதற்குள் யாரோ வந்துவிட்டார்கள். அவர் உள்ளே வந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் கொல்லைப்புறமாக வந்தாள். முந்தானைக்குள் ஒரு சட்டி, மேலே வாழை இலை மூடியிருந்தது. மசாலா வாடை அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நான் பதறி, இது எதற்கு அக்கா என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெக்கப்படாதேத்தா. ஆம்பளைக்கி நாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

விஷயத்தை விளக்க முயன்றேன். இறகு மட்டும் போதும், கறி வேண்டாம், இறகை வைத்து ஈ செய்வோம், அதை டாக்டர் கண்மாயில் மீனுக்குக் காட்டுவார் என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அக்காவின் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போயிற்று. இவ்வளவு பெரிய பொய்யைக் கட்ட வேண்டிய நிலைமைக்கு இந்தப் பெண்ணைப் புருஷன் கொண்டுவந்துவிட்டானே என்று நினைத்திருப்பாள். சட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கூடை இறகைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முதுகைத் தடவிவிட்டுப் போனாள்.

அவள் சத்தியமாக யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அவள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இறகு என்பது ஒளித்துவைக்கக்கூடிய பொருள் இல்லை. காற்றடித்தால் வாசல் வழியாகப் போகும். என் வீட்டுக்காரர் சட்டையில் ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும். குப்பைக்குழியில் கொட்டினால் காக்காய் கிளறித் தெருவில் போடும். கிணற்றடியில் பெண்கள் என்னிடம் புதிதாக ஒரு பிரியம் காட்டினார்கள். ஒருத்தி, மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் வாடை தெரியாது என்று யாருக்கோ சொல்வதுபோல எனக்குச் சொன்னாள். இன்னொருத்தி தன் வீட்டில் நாளைக்குச் சேவல் அடிக்கிறார்கள் என்று காதில் சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினாள். நான் இறகு கிடைக்குமா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

செய்தி பஸ் ஏறித் திருவரங்குளம் போய் என் மாமியார் காதில் விழுந்தது. அவரும் பஸ் ஏறி வந்தார். அப்போது பெட்ரோல் கிடைக்காமல் கரி எரித்து ஓட்டிய பஸ்கள். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளிவிட்டு வந்த மூச்சிரைப்போடும், முகத்தில் கரியோடும், கையில் ஒரு வெண்கலப் பானையோடும் வாசலில் நின்றார். எதற்குப் பானை என்று நான் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியதை அவரே தனியாகப் பொங்கிச் சாப்பிடப் போகிறார் என்று புரிந்தது. உள்ளே வந்ததும் அடுப்படிக்குப் போனார். சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். அம்மிக்கல்லைக்கூடக் குனிந்து முகர்ந்தார். எங்கும் பூண்டு வாடைகூட இல்லை. அது அவருக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. இவ்வளவு சுத்தமாகக் கழுவிவைத்திருக்கிறாளே என்று நினைத்திருப்பார்.

குளித்துவிட்டு வந்து பானையை அடுப்பில் ஏற்றி அரிசியைக் களைந்து போட்டார். உலை கொதிக்கும்போது எட்டிப் பார்த்தார். கருஞ்சிவப்பாக ஒரு கழுத்து இறகு உலைநீரில் மேலே வந்து சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னது சரிதான், அது மிதக்கத்தான் செய்தது.

என் மாமியார் சத்தம் போடுகிறவர் இல்லை. பானையை இறக்கிவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மகன் வரும்வரை அப்படியே இருந்தார். அவர் வந்ததும் கேட்டார்.

"ஏப்பா, உண்மையச் சொல்லிப்புடு. வீட்டுல கோழி அறுக்கிறீகளா?"

என் வீட்டுக்காரர் முக்காலியைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டார். இடுக்கியைக் காட்டினார், முள்ளைக் காட்டினார், டப்பாவில் இருந்த ஈக்களை ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். நான் உட்கார்ந்து ஒன்றைக் கட்டியும் காட்டினேன். மாமியார் கண்ணை இடுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபிறகுதான் கவலை அதிகமாயிற்று.

"ஊருல இருக்குற ஈ பத்தலைன்னா நீ செய்யிற?" என்றார் மகனிடம்.

டாக்டருக்கு வேண்டும் என்று அவர் சொன்னார். டாக்டருக்கு எதற்கு ஈ என்றார் மாமியார். மீனுக்கு என்றார். மீனுக்கு ஈ வேண்டுமென்றால் ஒரு வெல்லத்துண்டை வாசலில் வைத்தால் கூடை நிறையப் பிடித்துக்கொள்ளலாமே என்றார். என் வீட்டுக்காரர் துணியில் இருந்த ஈக்களை ஒவ்வொன்றாக டப்பாவில் திரும்பப் போட ஆரம்பித்தார். கோழி தின்பதைவிடப் புத்தி பேதலிப்பது மேலா கீழா என்று மாமியார் யோசிப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில், அந்த டாக்டர் இதை வைத்து மீன் பிடிப்பதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொல்லிவிட்டார்.

அதுவரை டாக்டர் எங்கள் ஈயை வைத்து ஒரு மீன்கூடப் பிடித்திருக்கவில்லை. இது எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் கண்மாய்க்குப் போனோம். எங்கள் பின்னால் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். மழை பெய்து ஓய்ந்த காலம், கண்மாய் நிறையத் தண்ணீர். டாக்டர் தலையில் தொப்பியோடு, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றார். கையில் நீளமான, நுனி மெலிந்த பிரம்பு மாதிரி ஒரு தூண்டில் கம்பு. அதைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசிக்கொண்டேயிருந்தார். கயிறு காற்றில் வளைந்து வளைந்து போய்த் தண்ணீரைத் தொடுகிற நேரத்தில் மறுபடியும் பின்னால் வந்தது. துணி துவைக்க வந்தவர்கள் எல்லோரும் மூட்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பின்பக்கம் யாரும் நிற்கவில்லை. முன்னால் ஒருதரம் ஒரு தலைப்பாகை பறிபோனதிலிருந்து அந்தப் பக்கம் யாரும் போவதில்லை என்று அக்கா சொன்னாள்.

மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார். மீன்கள் துள்ளின. டாக்டர் வீசிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் துள்ளின. கொஞ்ச தூரத்தில் எருமைகள் கழுத்துவரை தண்ணீரில் கிடந்தன. ஒரு எருமையின் முதுகில் கரிச்சான் குருவி ஒன்று, பிளந்த வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

டாக்டர் இன்னொரு தரம் வீசினார். நான் முந்தின நாள் மாமியார் எதிரில் கட்டிய ஈ அதுதான், ஜரிகை வெயிலில் மின்னியதால் எனக்குத் தெரிந்தது. அது தண்ணீரைத் தொடவில்லை. கரிச்சான் எருமை முதுகை விட்டுக் கிளம்பி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, அதைக் கவ்விக்கொண்டு போயிற்று.

டாக்டர் கம்பு வளைவதைத்தான் முதலில் உணர்ந்திருக்கிறார். மாட்டிவிட்டது என்று சொல்லிக்கொண்டே தண்ணீரைப் பார்த்தார். கயிறு தண்ணீரில் இல்லை, மேலே போயிருந்தது. அவரும் மேலே பார்த்தார். தொப்பி விழுந்தது. மீனுக்காகத் தண்ணீரில் இறங்கிய மனுஷர் காற்றாடி விடுகிறவரைப்போலக் கயிற்றை விட்டு விட்டு இழுத்தார். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார்.

குருவியைப் பிடித்துத் துண்டில் சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். முள் அலகின் ஓரத்தில்தான் மாட்டியிருந்தது. டாக்டர் அதன் தலையைப் பிடித்துக்கொள்ள, என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் செய்வதுபோலவே நிதானமாக முள்ளை எடுத்தார். துளிகூட ரத்தம் வரவில்லை. அது நன்றிக்கு அவர் கட்டைவிரலைக் கொத்திவிட்டு எருமை முதுகுக்கே திரும்பிப் போய், அங்கிருந்து எங்களைத் திட்டிக்கொண்டேயிருந்தது.

டாக்டர் நனைந்த தொப்பியைப் பிழிந்துகொண்டு என்னிடம் வந்தார். பிடித்தது மீன் இல்லையே என்று வருத்தப்படுவார் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் சீமை ஈயைக்கூட எந்தக் குருவியும் நிஜம் என்று நம்பிக் கவ்வியதில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார்.

மாமியார் பக்கத்து வீட்டு அக்காவின் பக்கம் திரும்பி, துவைக்க வந்த கூட்டத்துக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"பாத்துக்கங்க. எங்க வீட்டுல ஈதான் செய்யிறாக. குருவியே சாட்சி."

அக்கா உடனே ஒப்புக்கொண்டாள். தனக்கு அப்போதே தெரியும் என்றாள். அன்று மாலைக்குள் எங்கள் வீட்டுச் சைவம் ஊருக்குள் மறுபடியும் ஸ்தாபிதமாகிவிட்டது. மாமியார் வெண்கலப் பானையைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டு என் கையால் சாப்பிட்டார்.

அவர் உடனே ஊருக்குத் திரும்பவில்லை. இறகைத் தரம் பிரிப்பதில் அவருக்கு ருசி தட்டிவிட்டது. தொட மாட்டார், ஒரு துடைப்பக்குச்சியால் தள்ளித் தள்ளி நீளத்தையும் நிறத்தையும் பார்த்து ஒதுக்குவார். நான் கட்டி முடித்ததும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, இதற்குக் கால் நீளம், இது நொண்டும் என்பார். அவர் சொன்னபடி குறைத்துக் கட்டினேன். உண்மையிலேயே நன்றாக வந்தது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் நாங்கள் இரண்டு பேரும் முக்காலியைச் சுற்றி உட்கார்ந்து தகராறு பண்ணிக்கொண்டிருப்போம். சோறு அவரே போட்டுக்கொள்வார்.

ஒருநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் தெருமுனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தான். கம்பவுண்டர் ஐயா வீட்டுக்கு மீன், டாக்டர் கொடுத்துவிட்டார் என்று வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறான். டாக்டர் கடைசியில் எங்கள் ஈயில் ஒரு கெண்டையைப் பிடித்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் நாங்கள் சைவம் என்பது அவருக்கு மறந்துபோய்விட்டது. முதல் மீன் ஈ கட்டினவர்களுக்குத்தான் சேர வேண்டும் என்று பூவரச இலையில் சுற்றி அனுப்பிவிட்டார். கதவைத் திறந்தது மாமியார்.

நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். தெருவில் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. மாமியார் இலையைக் கையில் வாங்கவில்லை. திறந்து காட்டச் சொன்னார். வாட்ச்மேன் இலையை விரித்தான். விரல் நீளத்துக்கு ஒரு கெண்டை. அதன் வாயில் இன்னும் ஈ இருந்தது, டாக்டர் அதைக்கூட எடுக்கவில்லை. மாமியார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். மீனைப் பார்க்கவில்லை, ஈயைத்தான் பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

"கால் கொறச்சது சரியாப் போச்சு பாரு" என்றார் என்னிடம்.

பிறகு மீனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஈயை மட்டும் கழற்றிக் கழுவிக் கொண்டுவரும்படி வாட்ச்மேனிடம் சொன்னார். அக்கா அந்த ஒரு கெண்டையை வைத்து ஒரு சட்டிக் குழம்பு வைத்து, எங்களுக்குத் தரவில்லையே என்று இரண்டு நாள் சங்கடப்பட்டாள்.